மண்டபத்தில் விழுந்தால் எந்த ஊர் வக்கீல்?

அடுத்தவர் இடத்தில் விழுந்து அடிபட்டால் வழக்குப் போடலாம் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியும். யாரிடம் போவது என்பதில்தான் குழம்பிப் போகிறோம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவப் போன அம்மாவுக்கு, உடைந்த சாக்கடை மூடியில் கால் சிக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ‘வயசானவங்க, பார்த்து நடந்திருக்கணும்’ என்பதோடு மண்டபத் தரப்பு முடித்துக்கொண்டது. நாங்கள் இருப்பது மன்னார்குடி. எங்கள் முன்னால் இருந்தவை நாலு வழிகள்: நிலத் தகராறுகளைப் பார்த்துவரும் குடும்ப வக்கீல், கும்பகோணத்திலேயே ஒருவர், திருச்சியிலோ சென்னையிலோ பேர் வாங்கிய ஒருவர், இலவச சட்ட உதவி. நாங்கள் கும்பகோணத்து வக்கீலிடம் போனோம். இதே நிலைமையில் இருக்கிறவர்களுக்கும் நான் அதையே சொல்வேன்.

முதலில் ஒன்று. விசாரித்தால் எல்லோரும் ‘ஆக்சிடென்ட் வக்கீல்’ ஒருவரைக் கை காட்டுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் வாகன விபத்து வழக்கு பார்ப்பவர்கள். அங்கே தனித் தீர்ப்பாயம் உண்டு, பணம் கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி உண்டு. மண்டபத்தில் விழுந்தது சாதாரண உரிமையியல் வழக்கு. இடத்துக்காரரின் அலட்சியத்தை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் சிவில் வழக்கு நடத்திப் பழகியவராகப் பார்ப்பது நல்லது.

குடும்ப வக்கீலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்பா காலத்திலிருந்து பழக்கம், ஃபீஸும் அதிகம் கேட்க மாட்டார். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, இப்படிப்பட்ட வழக்கைச் சம்பவம் நடந்த இடத்து நீதிமன்றத்தில் போட வேண்டும், இல்லையென்றால் எதிர்த்தரப்பு குடியிருக்கிற அல்லது தொழில் நடத்துகிற இடத்தில். எங்களுக்கு இரண்டுமே கும்பகோணம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் மன்னார்குடியிலிருந்து கிளம்பி வர வேண்டும். வர முடியாத நாளில் ஜூனியர் யாராவது நின்று இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு வருவார். அவரே அதைச் சொல்லி, ‘அங்கேயே ஒருத்தரைப் பாருங்க’ என்றார்.

பெரிய ஊர் வக்கீல் இந்தக் கட்டத்தில் தேவையில்லை என்பது என் கருத்து. மேல்முறையீடு உயர் நீதிமன்றம் வரை போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். அதிலும் டெல்டாக்காரர்களுக்கு ஒரு விஷயம் உண்டு. கும்பகோணம் இருக்கிற தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் 2004-இல் தொடங்கிய மதுரைக் கிளைக்குப் போகும். மன்னார்குடி இருக்கிற திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்ட வழக்குகள் சென்னைக்குப் போகும். மன்னார்குடியில் இருக்கிறோம் என்பதற்காகச் சென்னை வக்கீலைப் பிடித்தால், கும்பகோணத்து வழக்குக்கு அவர் மதுரை போக வேண்டியிருக்கும்.

உள்ளூர் வக்கீல் என்று நான் அழுத்திச் சொல்ல முக்கியக் காரணம், அவர் சம்பவ இடத்தை வந்து பார்த்தார். இந்த வகை வழக்கில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. காயம் ஆஸ்பத்திரிச் சீட்டில் நிற்கும். உடைந்த மூடி நிற்காது, அடுத்த முகூர்த்தத்துக்குள் மாற்றிவிடுவார்கள். எங்கள் விஷயத்திலும் மாற்றிவிட்டார்கள். வக்காலத்துப் போட்ட அந்த வாரமே அவர் குமாஸ்தாவோடு ஒரு விருந்துக்குப் போகிற மாதிரி மண்டபத்துக்குள் போய்ப் பார்த்தார். அம்மா விழுந்த இடத்தில் புதுக் கான்கிரீட் பலகை. அதே வரிசையில் இன்னும் இரண்டு மூடி ஓரம் பெயர்ந்து, ஒரு சாண் இடைவெளியோடு, மேலே கோணிச் சாக்கு போட்டுக் கிடந்தன. படம் எடுத்துக்கொண்டு வந்து எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: “கல்யாண வீடியோ யார்கிட்ட இருக்கு?”

எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பந்தியை வீடியோக்காரர் விடாமல் எடுத்திருந்தார். அதில் கை கழுவும் இடத்துக்குப் போகிற வழி சில நொடி தெரிகிறது. அம்மா விழுந்த மூடி மீதும் சாக்கு கிடக்கிறது. வக்கீல் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “சாக்கு போட்டு மூடுனவங்களுக்கு அது உடைஞ்சிருக்குன்னு தெரியும்மா. தெரிஞ்சும் சரி பண்ணலை. நமக்கு இதுதான் வேணும்.” பார்த்து நடந்திருக்கணும் என்ற பேச்சுக்கு அதுதான் பதில். வீடியோக்காரரிடம் மூலப் பதிவு அழியாமல் இருக்க வேண்டும், 2023-இன் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்கான சான்றும் வேண்டும் என்று அன்றைக்கே அதற்கான வேலையை ஆரம்பித்தார். நம் செல்போனில் எடுத்த படத்துக்கும் இதே விதிதான். போனை மாற்றினாலும் பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சாட்சிகளும் உள்ளூர்க்காரர் கைக்குத்தான் எட்டுவார்கள். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தது பந்தி பரிமாறிய பையன்கள். முகூர்த்த நாட்களில் அந்தச் சமையல் குழு எந்த ஊரில் இருக்கும் என்றே தெரியாது. ஆடி மாதம் வேலை இல்லாமல் இருந்தபோது குமாஸ்தா தேடிப் போய் பேர், முகவரி எல்லாம் வாங்கி வந்தார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

உள்ளூர் வக்கீலில் ஆபத்தும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. பெரிய மண்டபக்காரருக்கு ஊரில் பாதி வக்கீல்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள். “அவங்களுக்கு நீங்க எப்பவாவது ஆஜராகியிருக்கீங்களா சார்?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாங்கள் முதலில் போன ஒருவர், மண்டபத்துப் பத்திரம் தான் எழுதியது என்று அவராகவே சொல்லி அனுப்பிவிட்டார். கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசுகிறவரிடமும் வேண்டாம். இந்திய பார் கவுன்சில் விதிகளே அதைத் தடுக்கின்றன. எங்களவர் நோட்டீஸ், தாக்கல், சாட்சி, வாதம் என்று கட்டம் கட்டமாக ஃபீஸ் சொன்னார். நீதிமன்றக் கட்டணம் தனி. தமிழ்நாட்டில் 2017-இல் அதை ஏழரை சதவீதத்திலிருந்து மூன்றாகக் குறைத்தார்கள். ஐந்து லட்சம் கேட்டால் பதினைந்தாயிரம் ரூபாய்.

அந்தப் பணமும் கையில் இல்லையென்றால் சட்ட உதவிக்குப் போங்கள், தயங்கவே வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் பார்க்காமலே வக்கீல் கொடுப்பார்கள். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம், 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். அம்மாவுக்கும் இந்தத் தகுதி இருந்தது. வக்கீலை நாங்களே தேர்ந்தெடுக்க நினைத்ததால் போகவில்லை. அதனால் அங்கே எப்படி நடத்துவார்கள் என்பதை அனுபவத்தில் சொல்ல முடியாது. அந்த வக்கீலிடமும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இடத்தை வந்து பார்ப்பீர்களா? எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு ஒத்துவந்தால் இதே அமைப்பின் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) செலவில்லாமல் முடிக்கலாம். ஆனால் அந்த உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. இன்னொரு அறுவை சிகிச்சை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. வக்கீல் இல்லாமலே போகலாம், மண்டப வாடகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் வாடகை கொடுத்தது கல்யாண வீட்டுக்காரர்கள். விருந்தாளியும் அந்தச் சேவையின் பயனாளி என்று வாதாட வேண்டும், அதற்கு அவர்களையும் இழுக்க வேண்டும். சொந்தத்தில் அந்த மனக்கசப்பு அம்மாவுக்கு வேண்டாமென்று பட்டது.

எங்கள் வழக்கு இன்னும் சாட்சி விசாரணைக்கு வரவில்லை. குறுக்கு விசாரணையில் எங்கள் வக்கீல் எப்படி என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

யாரிடம் போனாலும் அரசு ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பியை, அதாவது விபத்துப் பதிவேட்டு நகலைக், கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கே, எப்படி விழுந்தார் என்று டியூட்டி டாக்டர் அதில் எழுதியிருப்பதைத்தான் எங்கள் வக்கீல் முதலில் படித்தார். வெறும் ‘வழுக்கி விழுந்தார்’ என்று இருந்தால், மண்டபத்தில்தான் விழுந்தார் என்பதையே தனியாக நிரூபிக்க வேண்டிவரும். போலீஸில் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழுந்தது அரசுக் கட்டடத்தில் என்றால் வழக்குக்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும்போது அடிபட்ட தொழிலாளி என்றால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி போக வேண்டும், அது வேறு வழி. காலக்கெடு உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு, நுகர்வோர் புகாருக்கு இரண்டு ஆண்டு. மண்டபக்காரர் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் அந்தக் கெடு நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.