பதற்றத்துக்கு மாத்திரையா, பேச்சு சிகிச்சையா?

நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, ஏதோ ஆகப்போகிறது என்று மனம் அடித்துக்கொள்கிறது. இது எல்லோருக்கும் வருவதுதான். மாதக்கணக்கில் விடாமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுத்தால் சிகிச்சை தேவை.

மாத்திரை சுலபம், தினமும் ஒன்று. பெரும்பாலும் முதலில் கொடுப்பது எஸ்எஸ்ஆர்ஐ வகை, அதாவது மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டும் மருந்து. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆரம்பத்தில் குமட்டல் வரலாம், சிலருக்குப் பதற்றமே கொஞ்சம் கூடலாம். சரியாகிவிட்டது என்று நாமாகச் சட்டென நிறுத்தக் கூடாது.

பேச்சு சிகிச்சையில் அதிகம் ஆராயப்பட்டது சிபிடி, அதாவது பயமுறுத்தும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் முறை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது. வாரம் ஒரு அமர்வு, பொதுவாக 12 முதல் 16 வரை. வெறும் பேச்சுதானே என்று போனால் ஏமாந்துபோவீர்கள், வீட்டுப்பாடம் உண்டு! லிஃப்ட் என்றால் பயமா? முதலில் கதவருகே நிற்பது, அப்புறம் துணையோடு ஒரு மாடி, அப்புறம் தனியாக. ஏறும் முன் “மூச்சு நின்றுவிடும்” என்று நோட்டில் எழுத வேண்டும். இறங்கியதும் உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். நாலைந்து பக்கம் நிரம்பியபின் அந்த நோட்டைப் புரட்டினால் நமக்கே சிரிப்பு வரும்.

பலனில் இரண்டும் பெரிதாகப் பின்தங்குவதில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சிலருக்குப் பதற்றம் திரும்புகிறது. சிபிடியில் பழகியது கையோடு இருக்கும். அதனால் என் ஓட்டு சிபிடிக்கு. வீட்டுப்பாடம் செய்யவே தெம்பில்லாதவர்கள் மட்டும், மருத்துவரிடம் பேசி மாத்திரையில் தொடங்கி, கொஞ்சம் நிதானப்பட்டதும் சிபிடியைச் சேர்த்துக்கொள்ளலாம்.