நீட் மாதிரித் தேர்வுக்கு ஓ.எம்.ஆர் தாள் அச்சடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

நாமக்கல் பக்கம் ஒரு நீட் பயிற்சி மையத்தில் தேர்வு வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். அச்சகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கொட்டேஷனில் எல்லாம் தெளிவாகவே இருந்தது. ஓ.எம்.ஆர் தாள் என்பது மாணவர் வட்டத்தை நிரப்பி விடை குறிக்க, ஸ்கேனர் படித்து மதிப்பெண் போடும் தாள். அதன் வட்டங்களையும் கட்டங்களையும் சிவப்பு மையில் ஆஃப்செட்டில் (தகடு வைத்து மையால் அடிக்கும் முறை) அடிக்க வேண்டும். மை காய்ந்த பிறகு மாணவர் பெயர், ரோல் நம்பர், பார்கோடு, ஸ்கேனர் இடம் கண்டுபிடிக்க உதவும் ஓரத்துக் குறிகள் ஆகியவற்றை மட்டும் கறுப்பில் டிஜிட்டல் மெஷினில் (ஃபைலிலிருந்து நேராக அடிக்கும் லேசர் மெஷின்) ஓட்ட வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ரேட், பாதி முன்பணம்.

தேர்வுக்கு முந்தின நாள் இருட்டின பிறகுதான் கட்டு வந்தது. பிரித்தால் ஒரு தாளில்கூடச் சிவப்பு இல்லை, எல்லாம் சாம்பல். ஆஃப்செட் பக்கமே போகாமல், நாங்கள் கொடுத்த கலர் பிடிஎஃப்பைக் கறுப்பு-வெள்ளை டிஜிட்டல் புரொடக்‌ஷன் மெஷினில் ஏற்றி ஒரே ஓட்டமாக ஓட்டிவிட்டார்கள். பில்லில் மட்டும் ‘கலர் ஃபார்ம்’, அதே ரேட். போனில் கேட்டால் அச்சகக்காரர், “ஸ்கேனருக்கு ஏது சார் கலர்? அதுக்கு எல்லாமே பிளாக் அண்ட் ஒயிட்தான், ஓட்டிப் பாருங்க” என்கிறார்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எங்களுடையது சிவப்பு வெளிச்சத்தில் படிக்கும் ஸ்கேனர். அந்த வெளிச்சத்தில் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஒன்றுபோலத் தெரியும், மாணவர் பேனாவால் நிரப்பியது மட்டும் நிற்கும். ஓ.எம்.ஆர் தாளைச் சிவப்பிலோ இளஞ்சிவப்பிலோ அடிப்பது அதற்காகத்தான், அழகுக்காக இல்லை. கலர் ஃபைல் கறுப்பு மெஷினுக்குப் போனால் அந்தச் சிவப்பு சாம்பலாகிவிடும். வழக்கமான கணக்கில் சிவப்பின் வெளிச்சத்துக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீத எடை. அப்படியானால் முழுச் சிவப்பு கிட்டத்தட்ட 70 சதவீதக் கறுப்பு! ஸ்கேனர் கண்ணில் படவே கூடாதது பளிச்சென்று பட ஆரம்பித்துவிட்டது.

மெஷினில் சாம்பல் டோனர் (மைத்தூள்) என்று ஒன்று கிடையாது, கறுப்பைப் பொடிப் புள்ளிகளாகத் தூவித்தான் சாம்பலைக் காட்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வட்டத்தின் கோடு அறுந்து அறுந்து போகிறது, உள்ளே இருக்கும் 4 என்ற எண் ஒரு கறுப்புத் திட்டு. 180 கேள்வி, கேள்விக்கு நான்கு வட்டம் என்றால் ஒரு தாளில் இப்படி 720.

வேறு தாள் இல்லாததால் தேர்வை அதிலேயே நடத்தினோம். பிள்ளைகள் தொடாத வட்டங்களையும் ஸ்கேனர் நிரப்பியதாக எடுத்துக்கொண்டது. இரண்டு விடை குறித்தால் நீட்டில் தவறு, மைனஸ் 1. சரியாகக் குறித்த கேள்விக்கு 4 போய் மைனஸ் 1 விழுந்தால் ஐந்து மதிப்பெண் நஷ்டம். நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி ரிசல்ட்டைப் பார்த்து அழுதுவிட்டாள். அப்புறம் எல்லாத் தாளையும் ஆசிரியர்கள் உட்கார்ந்து கையால் திருத்தினார்கள்.

ஆர்டர் கொடுப்பவர்கள் கொட்டேஷனிலேயே ‘ஃபார்ம் (வட்டம், கட்டம்) ஆஃப்செட்டில், டேட்டா (பெயர், ரோல் நம்பர், பார்கோடு, ஓரத்துக் குறிகள்) மட்டும் டிஜிட்டலில்’ என்று எழுதி வாங்குங்கள். மெஷினுக்கு டேட்டா மட்டும் உள்ள ஃபைலையே கொடுங்கள், ஃபார்ம் டிசைன் ஆஃப்செட்காரருக்கு மட்டும் போகட்டும். இரண்டும் ஒரே பிடிஎஃப்பில் இருந்தால்தான் இந்தக் குறுக்கு வழி. முழு ஓட்டத்துக்கு முன் சில தாள்களை வாங்கி, பேனாவால் நிரப்பி, உங்கள் ஸ்கேனரிலேயே ஓட்டிப் பாருங்கள். ஆஃப்செட் மை லேசர் மெஷினின் சூட்டைத் தாங்குமா என்றும் கேளுங்கள். டோனரை உருக்கி ஒட்டும் இடத்தில் சூடு சுமார் 200 டிகிரி. தாங்காத மை உருளையில் ஒட்டி அடுத்தடுத்த தாள்களில் நிழலாக விழும்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். வியாபாரத் தேவைக்கு வாங்கியதாகப் பார்த்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் ‘நுகர்வோர்’ ஆக மாட்டோம் என்றார். பாக்கிப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். ரேட்டைக் குறைத்து வேறு பில் தருவதாக இப்போது சொல்கிறார்கள். முன்பணத்தைத் திருப்பித் தருவதைப் பற்றிப் பேச்சே இல்லை.