முதுகுவலி: மாத்திரையா, முக்காலியா?

சித்தப்பாவுக்குச் சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. தரையில் குனிந்து உட்கார்ந்து கண்ணி கண்ணியாகப் பற்ற வைக்க வேண்டும். முதுகுவலிக்கு வயது மூன்று வருடம்.

அவருக்குப் பிடித்தது, டிராமடாலும் பாராசிட்டமாலும் கலந்த மாத்திரை. போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி அடங்கும், அதில் பொய்யில்லை. ஆனால் டிராமடால் அபின் வகை மருந்து. 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது. மலச்சிக்கல், தலைசுற்றல்கூடப் போகட்டும். உடம்பு பழகிவிடுகிறதே, அதுதான் வினை. ஒன்றுக்கு அடங்கிய வலி பிறகு இரண்டு கேட்கும். திடீரென்று நிறுத்தினால் வியர்வை, தூக்கமின்மை, உடம்பெல்லாம் குடைச்சல். சித்தப்பா ஒருமுறை அப்படி நிறுத்திவிட்டு, "பாரு, வலி திரும்பிடுச்சு" என்று மறுபடி ஆரம்பித்தார். திரும்பியதில் பாதி, வலியே அல்ல; மாத்திரை ஏக்கம். பீடிகூடத் தொடாத மனிதர்!

டைக்ளோஃபினாக் போன்ற, அபின் வகை சேராத வலி மாத்திரைகளில் போதை பயம் கிடையாது. அதற்காகத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கணக்குக் கேட்கும். வலி கூடுகிற சில நாட்களுக்குச் சரி. நரம்பு வலிக்கு எழுதும் பிரகாபலினையும் போதைக்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு.

2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நாள்பட்ட முதுகுவலி, மூட்டுவலிக்காரர்கள் 240 பேரை 12 மாதம் கவனித்தது. அபின் வகை மருந்து எடுத்தவர்களின் அன்றாட நடமாட்டம், அபின் வகை சேராத மருந்து எடுத்த மற்றவர்களைவிட மேம்படவில்லை. வலியும் மற்றவர்களுக்குத்தான் சற்றுக் குறைவு.

பிசியோதெரபி மெதுவானது, பலன் தெரியவே வாரக்கணக்காகும். செய்த உருப்படிக்கு மட்டும் கூலி வாங்குகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் சம்பளம் போகும். இதைச் சொல்லாமல் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்பது அநியாயம். ஆனால் இரண்டு மூன்று முறை போய்க் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம். பட்டறைப் பலகையை உயர்த்தி, முக்காலியில் உட்கார்ந்து, மணிக்கொரு முறை எழுந்து நடக்கச் செலவும் அதிகமில்லை. என் ஓட்டு இதற்குத்தான்.

புற்றுநோய் வலி வேறு கணக்கு. அங்கே டாக்டர் மார்ஃபின் எழுதினால், பழக்கமாகிவிடும் என்று பயந்து நோயாளியைத் துடிக்க விடக் கூடாது.

சித்தப்பா இப்போது முக்காலிக்கு வந்துவிட்டார். டாக்டர் சொல்லி மெல்ல மெல்லக் குறைத்ததில் மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறார்.