ஆய்வேட்டைக் கடைசியிலிருந்து திறக்கலாம்: வகுப்பறையில் சோத்கங்கா

மதுரையில் முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு நெறிமுறை கற்பிக்கிறேன். அந்த வகுப்பில் பல ஆண்டுகளாகத் துணைக்கு வைத்திருப்பது சோத்கங்கா. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் நடத்தும் தளம் இது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம்; நம் காமராசர் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளும் இருக்கின்றன.

மாணவர்கள் நேரே முடிவுரைக்குத் தாவுவார்கள். நான் முதலில் திறக்கச் சொல்வது துணைநூற்பட்டியலை. இயல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால் அது மட்டும் இறங்கிவிடும். ஒரே பொருளில் எழுதப்பட்ட மூன்று ஆய்வேடுகளின் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லோரும் எடுத்தாண்ட நூல் எது, ஒருவர் மட்டும் தேடிப் பிடித்த சான்று எது என்பது தெரிந்துவிடும். என்னைப் பொறுத்தவரை, இந்தத் தளத்தின் பெரும்பயன் அந்த இரண்டாவது வகைதான்.

எடுத்தாளும் செய்தியை மூலம்வரை துரத்திப் பழக, பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்வேன். ‘கீழடி 2600 ஆண்டுப் பழமையானது’ என்ற வரி எங்கிருந்து வந்தது என்று கேட்பேன். நாளிதழ், யூடியூப், யாரோ எழுதிய கட்டுரை என்று சுற்றிவிட்டு, 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைக்கு வந்து சேர்வார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி மாதிரியை அமெரிக்காவின் பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதன் காலம் பொ.ஆ.மு. (அதாவது கி.மு.) 580 என்று முடிவு வந்தது. “ஐயா, அப்படியானால் இது அந்தக் கரியின் வயதுதானே? ஊரின் வயது என்று எப்படிச் சொல்வது?” என்று ஒரு மாணவி கேட்டார். அன்றைய வகுப்பு முழுவதும் மண்ணடுக்கைப் பற்றியே போனது. கரி கிடந்த அடுக்கில் வேறு என்ன கிடைத்தது, அதற்குக் கீழே என்ன இருந்தது என்று அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். பாடநூலை அவர்கள் அப்படிப் படித்து நான் பார்த்ததில்லை.

ஆய்வேடு என்பதாலேயே அதில் உள்ளதெல்லாம் சான்றாகிவிடாது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேற்கோளை மூலநூலில் சரிபார்த்த பிறகே அடிக்குறிப்பில் ஏற்ற வேண்டும். பழைய பதிப்புகளுக்குத் தமிழ்ச் சங்கத்தின் பாண்டியன் நூலகத்திலும், 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.

தேடும்போது தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் இட்டுப் பாருங்கள். பக்கங்களைப் படமாக எடுத்து ஏற்றிய ஆய்வேட்டில் சொல்தேடல் எடுபடாது. பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் நுழைய வேண்டும். இளங்கலை மாணவர்களுக்கு இதை நான் தருவதில்லை. முதுகலையில் திட்டக்கட்டுரைக்குத் தலைப்பு தேடும் பருவமே சரியான நேரம். அதே தலைப்பில் வேறு யாரும் எழுதியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.