8 ஜிபி மடிக்கணினியில் பைதன் திட்டம்: டொக்கரா, பொட்மனா, வெறும் யூவி போதுமா?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகளுக்கு அறை முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணையச் சேவைக்கு ஃபாஸ்ட்ஏபிஐ, தரவுத்தளமாகப் போஸ்ட்கிரெஸ், படங்களைச் சுருக்கப் பில்லோ. எழுதுபவர்கள் மூன்று பேர். ஒருவரிடம் விண்டோஸ் 11 போட்ட 8 ஜிபி மடிக்கணினி, இன்னொருவரிடம் உபுண்டு. மூன்றாமவர் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் மாணவர், இணையத்துக்கு ஃபோன் டேட்டாவை நம்பியிருப்பவர். இந்த மூவரும் ஒரே சூழலில் வேலை செய்ய வேண்டும்.

ஒரு நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரித்து ஓட்டும் பெட்டிதான் கொன்டெய்னர். டொக்கரும் பொட்மனும் அதை ஓட்டும் கருவிகள். கொன்டெய்னர் என்றாலே எல்லாவற்றையும் அதற்குள் போட வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். தேவையில்லை. எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்பதில்தான் கீழே வரும் வழிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

கொன்டெய்னரே இல்லாமல்: யூவி

2024இல் வந்த யூவி, பைதன் பதிப்பையும் பொதிகளையும் சேர்த்தே கவனித்துக்கொள்கிறது. பைதன் பதிப்பு 3.12 என்று திட்டத்தில் எழுதிவைத்து 'யூவி சிங்க்' கொடுத்தால், பதிப்பு எண்களைக் குறித்துவைக்கும் பூட்டுக்கோப்பில் உள்ள அதே பதிப்புகள் மூவரிடமும் இறங்கும். ஒருமுறை இறங்கிய பொதி சேமிப்பகத்தில் இருப்பதால், அதே பதிப்பைக் கேட்கும் அடுத்த திட்டத்துக்கு மறுபடி டேட்டா செலவில்லை. நினைவகச் சுமையும் கிட்டத்தட்ட இல்லை.

குறை எங்கே என்றால், பைதனுக்கு வெளியே உள்ளதை யூவி தொடாது. போஸ்ட்கிரெஸை ஒருவர் 14இலும் மற்றவர் 17இலும் வைத்திருப்பார். பைதனைப் போஸ்ட்கிரெஸோடு இணைக்கும் சைகோபிஜி2வை மூலத்திலிருந்து கட்டப்போனால் லினக்ஸில் சி கம்பைலரும் போஸ்ட்கிரெஸின் லிப்பிகியூ நூலகத் தலைப்புக்கோப்புகளும் கேட்கும். முன்பே கட்டிவைத்த பைனரிப் பொதியை எடுத்தால் அந்தத் தலைவலி இல்லை.

பாதி வழி: தரவுத்தளம் மட்டும் கொன்டெய்னரில்

8 ஜிபி கணினிக்கு எங்கள் தெரிவு இதுதான். பைதன் யூவியில் நேரடியாக ஓடும், போஸ்ட்கிரெஸ் மட்டும், எந்தக் கொன்டெய்னர்கள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கொம்போஸ் கோப்பில் ஒரு சேவையாக இருக்கும். இறக்க வேண்டியது ஒரே ஒரு இமேஜ் (கொன்டெய்னர் உருவாகும் ஆயத்த அச்சு). எடிட்டர், டிபக்கர், தானியங்கி மீளேற்றம் எல்லாம் வழக்கம்போல வேலை செய்யும்.

கொம்போஸ் கோப்பில் மூன்று விஷயம் கவனம். போர்ட்டை வெறுமனே 5432:5432 என்று போடாமல் முன்னால் 127.0.0.1 (இதே கணினி மட்டும்) சேர்க்கவும். உபுண்டுவில் டொக்கர் திறக்கும் போர்ட் யூஎஃப்டபிள்யூ என்ற தீச்சுவரின் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். வளாக வைஃபையில் பக்கத்து மேசைக்காரர் உங்கள் தரவுத்தளத்தை எட்டிப்பார்க்கலாம். விண்டோஸில் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் நிறுவியிருந்தால் வெளிப்புறத்தில் 5433 கொடுங்கள். தரவை, டொக்கரே பராமரிக்கும் பெயரிட்ட வொல்யூமில் வையுங்கள், சி டிரைவ் அடைவொன்றை இணைக்க வேண்டாம்: கோப்பு உரிமைச் சிக்கலில் போஸ்ட்கிரெஸ் தொடங்கவே மறுக்கும்.

போஸ்ட்கிரெஸ் 17 வரை அந்த வொல்யூமை இணைக்கும் இடம் போஸ்ட்கிரெஸ் அடைவுக்குள் உள்ள 'டேட்டா'. 18ஆம் பதிப்பு இமேஜில் அது ஒரு படி மேலே போய்விட்டது. பழைய கொம்போஸ் கோப்பில் எண்ணை மட்டும் மாற்றுகிறவர்கள் சிக்குவது இங்கேதான்.

முழுதும் கொம்போஸில்

இங்கே பைதனும் கொன்டெய்னருக்குள். சேவையகத்தில் ஓடப்போகும் அதே டெபியன், அதே சி நூலகங்கள். இந்த ஒற்றுமைக்காகத்தான் மற்ற எல்லாத் தொல்லைகளையும் பொறுத்துக்கொள்கிறோம்.

முதலில் அடிப்படை இமேஜ். 'பைதன்:3.12' முழு இமேஜ் விரிந்தால் 1 ஜிபி அளவு. 'ஸ்லிம்' இறங்குவது 50 எம்பிக்கு உள்ளே. அல்பைன் லினக்ஸ் இமேஜ் இன்னும் சிறியது, ஆனால் அது வழக்கமான கிளிப்சி என்ற சி நூலகத்துக்குப் பதிலாக மஸ்ல் நூலகத்தில் நிற்கிறது. மஸ்லுக்கான வீல் (முன்பே கட்டிய கோப்பு) வெளியிடாத பொதிகள் இன்றும் உண்டு. அப்படி ஒன்று மாட்டினால் பொதி நிறுவும் பிப் அதை மூலத்திலிருந்து கட்டத் தொடங்கும். மிச்சம் பிடித்த எம்பிகளைக் கம்பைலர் தின்றுவிடும். ஸ்லிம் எடுங்கள், டெபியன் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்: '3.12-ஸ்லிம்-புக்வேர்ம்'. வெறும் '3.12-ஸ்லிம்' என்பது 2025இல் டெபியன் 13 வந்தபின் சத்தமில்லாமல் அதற்கு மாறிக்கொண்டது.

அடுத்தது, இமேஜைக் கட்டும் படிகளை எழுதும் டொக்கர்ஃபைலில் வரிகளின் ஒழுங்கு. பூட்டுக்கோப்பை முதலில் நகலெடு, பொதிகளை நிறுவு, அதன்பின்தான் நிரலை நகலெடு. இதை மாற்றிப் போட்டால் ஒரு எழுத்துப்பிழை திருத்தினாலும் எல்லாப் பொதிகளும் மறுபடி இறங்கும். நிறுவும் வரியில், இறங்கியதைச் சேமித்துவைக்கும் கேஷ் மவுன்ட் ஒன்றும் கொடுத்துவிட்டால், ஒரு பொதி சேர்க்கும்போது அந்த ஒன்று மட்டுமே இறங்கும். ஃபோன் டேட்டாவில் கட்டுகிறவருக்கு இந்த ஒரு வரியால் மாதம் ஜிபிக் கணக்கில் மிஞ்சும்.

பிறகு பலரைக் குழப்பும் வென்வ் (திட்டத்தின் பொதிகள் இருக்கும் தனி அடைவு) சிக்கல். இமேஜைக் கட்டும்போது வென்வ் திட்ட அடைவுக்குள் உருவாகிறது. ஓடும்போது அதே அடைவின் மேல் உங்கள் கணினியின் அடைவை இணைக்கிறீர்கள். மேலே விரித்த பாய் கீழே கிடந்ததை மூடிவிடுகிறது, 'மொடியூல் கிடைக்கவில்லை' என்று பிழை வருகிறது. விண்டோஸில் உருவான வென்வ் உள்ளே தெரிந்தால் இன்னும் மோசம், லினக்ஸ் பைதனுக்கு அது செல்லாக்காசு. வென்வை திட்டத்துக்கு வெளியே, ஒப்ட் அடைவுக்குள் வைத்து, யூவி ப்ரொஜெக்ட் என்வைரன்மென்ட் என்ற சூழல்மாறியில் அந்த இடத்தைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

விண்டோஸ்காரர் நிரலை சி டிரைவில் வைத்துக்கொண்டு, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள்ளிருந்து ஓட்டினால் இரண்டு விளைவு. கோப்பு வாசிப்பு ஆமை வேகம். அதோடு, கோப்பு மாறியது என்ற செய்தி லினக்ஸ் பக்கம் போய்ச் சேராததால், செயலியை ஓட்டும் யூவிகோர்னின் மீளேற்றம், கோப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் போலிங் முறையை நம்ப வேண்டியிருக்கும். அப்போது மின்விசிறி இரைச்சல் கேட்கும். ரெப்போவை டபிள்யூஎஸ்எல்லின் ஹோம் அடைவுக்குள் குளோன் செய்வதே முறை. குளோன் செய்யுமுன் கிட் அட்ரிபியூட்ஸ் கோப்பில் ஷெல் கோப்புகளுக்கு எல்எஃப் வரிமுடிவு என்று எழுதிவிடுங்கள். விண்டோஸ் வரிமுடிவோடு உள்ளே போன என்ட்ரிபொயின்ட் கோப்பு (கொன்டெய்னர் தொடங்கும்போது ஓடுவது), கண்முன் இருந்தும் 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று சாதிக்கும்.

நினைவகமும் உண்டு. டபிள்யூஎஸ்எல் பொதுவாகக் கணினியின் பாதி நினைவகம்வரை எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் 4 போனால் குரோமும் எடிட்டரும் மூச்சுத் திணறும். பயனர் அடைவில் டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக் கோப்பு வைத்து நினைவகம் 3 ஜிபி என்று எழுதி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து மறுபடி தொடங்குங்கள். டொக்கர் டெஸ்க்டொப்பைத் தவிர்த்து, டபிள்யூஎஸ்எல் உபுண்டுவுக்குள்ளேயே டொக்கர் என்ஜினை நிறுவினால் இன்னும் கொஞ்சம் மிஞ்சும். டெஸ்க்டொப் சிறு குழுக்களுக்கு இலவசம்தான்: 250க்கு மேல் ஊழியர்களோ 1 கோடி டொலருக்கு மேல் ஆண்டு வருமானமோ உள்ள நிறுவனங்களுக்குத்தான் கட்டணம்.

மற்றவை சில்லறைத் தவறுகள். கொன்டெய்னருக்குள் செயலி 127.0.0.1இல் கேட்டால் வெளியிலிருந்து உலாவி எட்டாது, 0.0.0.0 கொடுக்க வேண்டும். தரவுத்தள முகவரி லோக்கல்ஹோஸ்ட் அல்ல, கொம்போஸில் உள்ள சேவைப் பெயர். 'டிபென்ட்ஸ் ஒன்' மட்டும் போட்டால் போஸ்ட்கிரெஸ் தயாராகும்வரை காத்திருக்காது. போஸ்ட்கிரெஸ் தயாரா என்று பார்க்கும் பிஜி இஸ்ரெடியை ஹெல்த்செக்காக வைத்து, 'சேவிஸ் ஹெல்தி' நிபந்தனையும் சேர்க்கவும்.

ஒற்றுமை ஏன் முக்கியம்: நேரமும் தமிழும்

கொன்டெய்னருக்குள் நேரம் யூடிசி. இலங்கை நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. நள்ளிரவுக்கும் காலை 5.30க்கும் இடையில் 'இன்றைய தேதி' கேட்டால் நேற்றைய தேதி கிடைக்கும். கொழும்பு இரவு பஸ்ஸில் விடியற்காலை வந்திறங்கும் விருந்தினரின் செக்கின் ஒரு நாள் பின்தள்ளிப் பதிவாகும். யூவியில் நேரடியாக ஓட்டுபவர் கணினி இலங்கை நேரத்தில் இருப்பதால் இந்தப் பிழையைக் காணவே மாட்டார். நிரலில் ஏசியா/கொழும்பு என்று பைதனின் சோன்இன்ஃபோ மூலம் வெளிப்படையாகச் சொல்வதே சரி. விண்டோஸில் நேரடியாக ஓட்டினால் அதற்கு டீஇசட்டேட்டா பொதியும் நிறுவ வேண்டும், அங்கே நேரவலயத் தரவு கிடையாது.

அடுத்தது பெயர் வரிசை. யூனிகோட் எண் வரிசையில் ன என்பது நவுக்கு அடுத்து, பவுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் கனகா முதலில், கபிலன் பிறகு. நம் அகராதி வரிசையில் ன கடைசி மெய், ஆகவே கபிலனே முதல். அல்பைன் போஸ்ட்கிரெஸில் மஸ்ல் நூலகம் மொழிவாரி வரிசைப்படுத்தலைச் செய்யாது, எண் வரிசைதான் வரும். டெபியன் இமேஜில் வேறு முடிவு வரலாம். வினவலில் 'டிஏ-எக்ஸ்-ஐசியூ' கொலேஷனை (தமிழ் வரிசை விதியை) குறிப்பிட்டால் எங்கும் ஒரே வரிசை. இமேஜ் இன்னொரு டெபியனுக்கு நகரும்போது கிளிப்சி மாறி, 'கொலேஷன் பதிப்பு பொருந்தவில்லை' என்று எச்சரிக்கை வந்தால் அலட்சியம் வேண்டாம். எழுத்து இன்டெக்ஸ்களை மறுபடி கட்ட வேண்டும்.

டெவ் கொன்டெய்னர்

விஎஸ் கோட் எடிட்டர் கொன்டெய்னருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும் முறை. டிபக்கர், லின்டர், நீட்சிகள் எல்லாம் ஒரு ஜேசொன் கோப்பில். புதிதாகச் சேருபவர் ரெப்போவைத் திறந்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், விளக்கிச் சொல்லவேண்டியது ஏதுமில்லை. விலை: மைக்ரோசொஃப்டின் ஆயத்த பைதன் இமேஜ் பல நூறு எம்பி. கொன்டெய்னரை மறுபடி கட்டும்போது நீட்சிகளும் மறுபடி நிறுவப்படும். ஆயத்த இமேஜை விட்டு, மேலே சொன்ன ஸ்லிம் டொக்கர்ஃபைலையே அந்த ஜேசொன் கோப்பில் காட்டுங்கள். ஃபைபர் இணைப்பும் 16 ஜிபியும் இருந்தால் இதுவே சுகம். 8 ஜிபியில் சுகமில்லை.

பொட்மன்

உபுண்டுக்காரருக்கு நல்ல மாற்று. பின்னணியில் எப்போதும் ஓடும் டீமன் நிரல் இல்லை, ரூட் (நிர்வாகி) உரிமையும் தேவையில்லை. டொக்கரில் ரூட்டாக ஓடும் கொன்டெய்னர் எழுதும் தரவுத்தள மைக்ரேஷன் கோப்புகள் ரூட் பெயரில் உருவாகி, அழிக்க சூடோ கேட்கும். கொம்போஸில் பயனர் 1000:1000 என்று எழுதித்தான் தப்ப வேண்டும். ரூட் இல்லாத பொட்மனில் உள்ளே ரூட் என்பது வெளியே நீங்களே, அதனால் கோப்பும் உங்கள் பெயரில் இருக்கும். மாறாக, உள்ளே சாதாரணப் பயனராக ஓடினால் வெளியே விசித்திரமான எண்ணில் உரிமையாளர் தெரிவார், 'கீப்-ஐடி' அதைச் சரிசெய்யும். இமேஜ் பெயர்களை டொக்கர் ஐஓ என்று தொடங்கி முழுதாக எழுதுங்கள். விண்டோஸ்காரரை இதற்கு இழுக்க வேண்டாம்.

கோட்ஸ்பேசஸ்

கிட்ஹப்பின் சேவையகத்தில் ஓடும் வேலைச்சூழல் இது. தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி இலவசம், 2 கோர் இயந்திரத்தில் 60 மணி. இமேஜ் இறங்குவது அவர்கள் பக்கம், உங்கள் டேட்டாவில் எடிட்டர் போக்குவரத்து மட்டும். ஆனால் இணைப்பு அறுந்தால் வேலையும் நிற்கும். மார்கழி மழையில் இதை மட்டும் நம்பக்கூடாது.

மூவரின் திட்டத்துக்குத் திரும்பினால்: விண்டோஸ்காரரும் மாணவரும் பாதி வழியில் போகட்டும், உபுண்டுக்காரர் முழு கொம்போஸில் ஓட்டட்டும். கிளை இணைக்குமுன் சோதனைகள் அந்த முழு கொம்போஸில் ஒருமுறை ஓட வேண்டும். பூட்டுக்கோப்பும் கொம்போஸ் கோப்பும் ஒன்றே என்பதால் இரண்டு முறையும் மோதிக்கொள்ளாது.

ஒரே இமேஜை மூவரும் தனித்தனியே இறக்கவும் தேவையில்லை. நல்ல இணைப்பு உள்ளவர் இறக்கி, கட்டிய இமேஜையும் போஸ்ட்கிரெஸையும் 'டொக்கர் சேவ்' மூலம் ஒரே கோப்பாக்கி, ஜிசிப் செய்து பென்டிரைவில் கொடுக்கலாம். மற்றவர் 'டொக்கர் லோட்' செய்தால் அதே டேக்கோடு வந்து உட்காரும், கொம்போஸ் மறுபடி இறக்காது. யாராவது ஆப்பிள் எம் வரிசை மக்புக்கில் சேவ் செய்ததை இன்டெல் கணினியில் ஏற்றினால், சிப் வகை வேறு என்பதால் 'எக்ஸெக் ஃபோர்மட்' பிழை வரலாம். அவர் கட்டும்போதே தளம் லினக்ஸ்/ஏஎம்டி64 என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.