ஒரே குளிசைக்கு இரண்டு பெயர்: வெள்ளவத்தையில் பன்னிரண்டு நாள்

தோளில் பல ஆண்டுகளாக இருந்த கொழுப்புக் கட்டியை, விடுமுறைக்குக் கொழும்பு வந்த இடத்தில் வெட்டி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒரு மாலை சத்திரசிகிச்சை நிபுணரைச் சனல் பண்ணி, அதாவது தனியார் மருத்துவமனையில் முன்பதிவு செய்து, பார்த்தேன். மூன்றாம் நாள் காலை விறைப்பூசி போட்டுக் கட்டியை எடுத்து, ஆறு தையல் போட்டு, மதியத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் இல்லை. எழுத வேண்டியதெல்லாம் விறைப்பு விட்ட பிறகு மாமி வீட்டில் நடந்ததைப் பற்றித்தான்.

வரும் வழியில் காலி வீதியில் ஒரு மருந்துக் கடையில் மருத்துவர் எழுதிய மருந்துத் துண்டைக் கொடுத்தோம். நான் வாழும் லண்டனில் பரசிட்டமோல் பெட்டியாகத்தான் கிடைக்கும். 1998 முதல் மருந்தகத்தில் ஒரு பெட்டிக்கு 32, மற்றக் கடைகளில் 16 என்று கட்டுப்பாடும் உண்டு. இங்கேயோ எத்தனை நாளுக்கு எழுதியிருக்கிறதோ அத்தனைக்கு மட்டும் குளிசைகளை எண்ணி, சிறிய காகித உறைகளில் போட்டுத் தருகிறார்கள். ஒன்றும் வீண்போகாத இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அன்று கைக்கு வந்த மூன்று உறைகளிலும் வேளை மட்டும் சிங்களத்தில் அவசரமாக எழுதப்பட்டிருந்தது. மருந்தின் பெயர் எதிலும் இல்லை. பின்னால் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நின்றதால் கேட்காமலே வந்துவிட்டோம்.

மாலை ஆறு மணிக்குத் தோள், அம்மியில் வைத்து அரைப்பதுபோல நோகத் தொடங்கியது. பெரிய உறையிலிருந்து இரண்டு வெள்ளைக் குளிசைகளை விழுங்கினேன். ஏழு மணிக்கு மாமி வந்து, "பேர் தெரியாத குளிசையில நோ மாறுமே? இந்தா, ரெண்டு பனடோல் போடு" என்றார், போட்டேன். சித்தப்பா தமது முழங்காலுக்கு வாங்கி வைத்திருந்த குளிசை அட்டையைக் கொண்டுவந்து தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். பக்கத்து வீட்டு அன்ரி தையலுக்கு மேலேயே பூசச் சொல்லி ஒரு தைலப் போத்தலுடன் வந்துநிற்க, அவரை வாசலில் மறித்துத் தேநீர் கொடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. சமையலறையில் கத்தரிக்காய், இறால், கணவாய் மூன்றும் கிரந்தி, புண்ணுக்கு ஆகாது என்று தடைசெய்யப்பட்டு, உள்ளியும் மிளகும் மணக்கச் சரக்குக்கறி கொதித்தது. இரவு இரண்டு மணிக்கு, நான் அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கையில், மாமி தட்டி எழுப்பி, "இப்ப நோகுதே, தம்பி?" என்று கேட்டார். எழுப்பிய பிறகு நோகத்தான் செய்தது. மேலும் இரண்டு பனடோல் போட்டேன்.

காலையில் ஏதோ உறுத்த, உறைகளையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு மாமியோடு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மருந்துக் கடையான ஒசுசலவுக்குப் போனேன். அங்கிருந்த பெண் ஒவ்வொரு குளிசையையும் திருப்பிப் பார்த்து, துண்டோடு ஒப்பிட்டு, உறைகளில் பெயர்களை எழுதினார். வெள்ளைக் குளிசை பரசிட்டமோல். பனடோலும் அதுவேதான். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது, ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையில் ஆறு மணித்தியாலம் விடுங்கள் என்றார். அந்த எட்டில் ஆறு, விடியுமுன்பே என் வயிற்றுக்குள் போயிருந்தன! அளவு மிஞ்சினால் ஈரல் பழுதாகும், அதுவும் தொடக்கத்தில் வெளியே தெரியாது என்று அவர் சொன்னபோது மாமியின் முகம் வாடிவிட்டது. சித்தப்பாவின் அட்டையில் இருந்தது டைக்ளோபெனாக் என்ற வேறொரு வலி மருந்து. எனது இரண்டாவது உறையிலும் அதுவே. அதைச் சாப்பாட்டுக்குப் பின்னும், மூன்றாவது உறையிலிருந்த, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னும் எடுக்க வேண்டுமாம்.

மருந்தை நிறுவனம் வைத்த பெயரால் அல்லாமல் அதன் பொதுப் பெயரால் அறிய வேண்டும் என்பதற்காகப் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் உருவான அந்தக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரும் அவரே. நாட்டின் மருந்துச் செலவைப் பற்றிய கொள்கை என்றே இதை நினைத்திருந்தேன். என் ஈரலையும் அது காக்கும் என்று அன்றுதான் விளங்கியது.

வீடு திரும்பியதும் மாமி பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, பெயர், நேரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினார். அதற்குப் பிறகு நேரம் வருமுன் கெஞ்சினாலும் ஒரு குளிசை கிடைக்காது. நேரம் வந்தால் கைபேசியில் மணி அடிக்கும், தண்ணீர்க் குவளை நீளும். வலி ஏறுமுன் மருந்து போய்விட்டதால், மூன்றாம் நாளிலிருந்து பரசிட்டமோல் மட்டுமே போதுமாயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் தையல் வெட்டினார்கள். மறுநாள் நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கையில், சளிக்கென்று யாரோ வாங்கிக் கொடுத்த புதிய அட்டை ஒன்றை மாமி வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதுக்கு மற்றப் பேர் என்ன?"