ஊசியா, பசையா? ஜப்பானிய நீலச்சாயம் கற்க எங்கே தொடங்குவது

துணியில் ஓரிடத்தை நீலம் தொடாமல் வெள்ளையாகக் காப்பாற்ற ஜப்பானில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. துணியையே தைத்து, கட்டி, இறுக்கிச் சாயம் புகாமல் செய்வது ஷிபோரி. வெட்டிய அச்சுத்தாளை விரித்து அதன் மேல் அரிசிப் பசையை இழுத்து, பசை படிந்த இடத்தைக் காப்பது கட்டசோமே. கூம்பில் பசையை நிரப்பிக் கோலம் போடுவதுபோல் வரையும் ட்சுட்சுகாகியும் இருக்கிறது. பசை கைக்கு அடங்கிய பிறகு அதற்குப் போகலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தையல் ஷிபோரியில் தொடங்குங்கள். கவ்வி ஷிபோரியில் வேண்டாம்.

கவ்வி முறைக்கு இட்டாஜிமே என்று பெயர். துணியை விசிறிபோல் மடித்து, இரண்டு பலகைக்கு நடுவே இறுக்கி முக்கினால் சதுரமும் முக்கோணமும் வரிசையாக வந்துவிடும். அரை நாள் பயிற்சிகளில் பெரும்பாலும் இதைத்தான் சொல்லித்தருகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வேலை முழுவதையும் பலகையே செய்துவிடுகிறது, கைக்குப் பாடம் ஏறுவதில்லை.

தையல் அப்படியல்ல. மரத்தின் ரேகைபோல் வரும் மோக்குமேயை எடுத்துக்கொள்ளுங்கள். கால் அங்குல இடைவெளியில் வரிவரியாக ஓட்டுத் தையல். இரட்டை நூல், முனையில் நல்ல முடிச்சு. எல்லா வரியும் முடிந்த பிறகே இழுக்க வேண்டும். இழுக்கும்போது நூல் விரலை அறுக்கும். அகலத் துணி சுருங்கிக் கல்போல் இறுகும். ஊறவைத்து, முக்கி, காற்றில் பிடித்தால் பச்சையாக வெளிவந்தது கண்ணெதிரே நீலமாகும். கடைசியில் முடிச்சை வெட்டிப் பிரிக்கும் நேரம்தான் எனக்குப் பிடித்தது. எந்த வரியில் கை தளர்ந்ததோ அங்கே வெள்ளை மங்கியிருக்கும். என்ன தவறு, எங்கே தவறு என்று துணியே காட்டிவிடும். செலவும் ஊசி, நூல், பருத்தித் துணி, ஒரு வாளி சாயம், அவ்வளவே.

நகோயா பக்கத்து அரிமட்சுவில் 1608 முதல் இந்தத் தொழில் நடக்கிறது. தக்கேதா ஷோக்குரோ அங்கே குடியேறி, டொகைடோ நெடுஞ்சாலையில் போகும் பயணிகளுக்குச் சாயமிட்ட கைத்துண்டு விற்கத் தொடங்கினார் என்பது ஊர் வரலாறு. நூற்றுக்கு மேற்பட்ட கட்டு வகைகள் அங்கே வளர்ந்தன. ஆனால் ஒரு கைவினைஞர் ஒரு வகையையே வாழ்நாளெல்லாம் செய்வதுதான் அங்கே வழக்கம். கற்பவருக்கு இது பெரிய ஆறுதல். எல்லாவற்றையும் சேகரிக்க வேண்டியதில்லை, ஒன்றில் கை தேறினால் போதும். மதுரைச் சுங்குடியில் முடிச்சுப் போட்டுப் பழகியவர் என்றால் கானோகோவில் தொடங்கலாம். புள்ளி புள்ளியாகத் துணியைக் கிள்ளி நூல் சுற்றும் அதே வேலைதான்.

கட்டசோமேயில் ஒரே ஆள் மூன்று தொழில் கற்க வேண்டியிருக்கிறது. முதலில் அச்சுத்தாள். பனிச்சை இனத்துப் பழமான காக்கியின் துவர்ச்சாறு பூசி ஒட்டிய தாளில் வெட்டுவதற்கு இசே பகுதியில் தனிக் கைவினைஞர்களே இருந்தார்கள். அடுத்து பசை. ஒட்டரிசி மாவும் தவிடும் பிசைந்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் உப்பும் சுண்ணாம்பு நீரும் சேர்த்துக் கடைய வேண்டும். உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துப் பசை வெடிக்காமல் காக்கும். மூன்றாவதாகத்தான் சாயம். மீன் வடிவம் அச்சிட்ட என் முதல் துணியைப் பத்து நிமிடம் தொட்டியில் விட்டுவிட்டேன். பசை இளகி, மீனின் செதில்கள் எல்லாம் ஒரே நீலத் திட்டாகிவிட்டன. ஓரிரு நிமிடம் முக்கி, எடுத்து, காற்றாட விட்டு மறுபடி முக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். இங்கே பசையும் தவறலாம், துணிக்குப் பூசும் சோயாப்பாலும் தவறலாம், சாயமும் தவறலாம். எது தவறியது என்று புதியவருக்குத் தெரியாது. இந்தக் காரணத்துக்காகவே இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நீங்கள் ஏற்கெனவே வரைகிறவர் என்றால் நேராகக் கட்டசோமேக்குப் போகலாம். 1956ல் ஜப்பான் அரசு வாழும் தேசியச் செல்வமாக அறிவித்த செரிசாவா கெய்சுகே, பலர் பிரித்துச் செய்த வரைதல், வெட்டுதல், சாயமிடுதல் எல்லாவற்றையும் தாமே செய்தார். கோட்டின் மேல் அவ்வளவு ஆசை உள்ளவருக்கு ஷிபோரியின் கலங்கிய விளிம்பு பொறுக்காது.

சாயத்தொட்டியிலும் போட்டி உண்டு. டோக்குஷிமாவின் சுகுமோ, சாய இலையைக் குவித்து நீர் தெளித்துக் கிளறி ஏறக்குறைய நூறு நாள் மட்கவைத்தது. அதைச் சாம்பல் காரநீர், கோதுமைத் தவிடு, சுண்ணாம்பு சேர்த்துப் புளிக்கவைத்தால் நாட்கள் கழித்து நீல நுரை பூக்கும். அதற்குத்தான் "நீலப் பூ" என்று பெயர். அதன் பிறகு தினமும் கிளறி, பார்த்து, உணவு கொடுத்து வளர்க்க வேண்டும். கற்கும் காலத்தில் இந்தச் சுமை வேண்டாம். அவுரித் தூள் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை மூன்று என்று எடையில் கலந்த தொட்டி அன்றே தயாராகும். இது திண்டிவனம் பக்கம் விளையும் அவுரியிலேயே நடக்கும். ஜப்பானியச் செடி வேறு குடும்பம், ஆனால் இரண்டிலும் நீலம் ஒன்றே. பசைத் துணி என்றால் மட்டும் தொட்டியை நன்றாக ஆறவிட்டு முக்குங்கள். சூடு பசையை இளக்கும்.

பசைக்குப் போகும் நாளில் முதல் அச்சுத்தாளில் பெரிய இலை ஒன்றை மட்டும் வெட்டுங்கள். நரம்பு, செதில், இறகு எதுவும் அதில் வேண்டாம்.